போஸ்ட்கிரெஸ் புதியவர்களுக்கான கையேட்டை அடுக்குவது எப்படி: படிப்படியாக

எங்கள் குழுவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கான போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ் மென்பொருள்) குறிப்புகள் விக்கியில் கொஞ்சம், கூகுள் டாக்ஸில் கொஞ்சம், மீதி பழைய சாட்டில் என்று சிதறிக் கிடந்தன. தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் எல்லாம் சரியான குறிப்புகள்தான். ஆனாலும் வந்தவர் இரண்டாம் நாளும் டேட்டாபேஸுக்குள் நுழைய வழி தெரியாமல் உட்கார்ந்திருப்பார். மொத்தத்தையும் கலைத்து மறுபடி அடுக்கிய பிறகுதான் அது மாறியது. அந்த முறையை இங்கே எழுதுகிறேன். உபுண்டு லினக்ஸில் போஸ்ட்கிரெஸை நிறுவத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். மைஎஸ்க்யூஎல், மரியாடிபி போன்ற வேறு டேட்டாபேஸ்களைப் பயன்படுத்துகிறவர்களுக்குக் கட்டளைகள் மாறுமே தவிர, அடுக்கும் முறை இதேதான்.

படி 1: திரையில் வரும் வரிசையில் அடுக்குங்கள்

போஸ்ட்கிரெஸின் அதிகாரபூர்வ கையேடு அருமையானது. பிடிஎஃப் ஆக எடுத்தால் 3000 பக்கங்களை ஒட்டி வரும், 8 பாகங்கள். முதல் பாகமே புதியவர்களுக்கான பயிற்சிதான். 3 அத்தியாயங்கள், வானிலை டேபிள் ஒன்று, நகரங்கள் டேபிள் ஒன்று. அதைத் தாண்டினால் எஸ்க்யூஎல் மொழி (டேட்டாபேஸிடம் கேட்கும் மொழி), சர்வர் நிர்வாகம், கிளையண்ட் இடைமுகம் என்று மென்பொருளின் உறுப்புகள் வாரியாகப் போகிறது. விஷயம் தெரிந்தவர் தேடுவதற்கு அதைவிட நல்ல அடுக்கு கிடையாது. புதியவருக்கோ எந்த உறுப்பில் தன் சிக்கல் இருக்கிறது என்பதே தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது திரையில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான். அதனால் அவர் திரையில் எது முதலில் வருமோ அதுவே முதல் பக்கம். உள்ளே நுழைவது, ஒரு டேபிள் உருவாக்குவது, நான்கு ரோ சேர்ப்பது, செலக்ட் போட்டுப் பார்ப்பது. முதல் பக்கம் இத்தோடு முடிய வேண்டும். பிரைமரி கீ (ஒவ்வொரு ரோவையும் தனித்து அடையாளம் காட்டும் காலம்) என்றால் என்ன என்ற விளக்கம் கூட அதில் வேண்டாம்.

விளக்கம் தேவைப்படும் இடத்தில் அதிகாரபூர்வ கையேட்டுக்கு லிங்க் கொடுங்கள். முகவரியில் நீங்கள் பயன்படுத்தும் பதிப்பு எண் இருக்கட்டும். 'கரன்ட்' என்று இருக்கும் முகவரி ஒவ்வோர் ஆண்டும் புதிய பதிப்புக்குத் தாவிவிடும். உங்கள் சர்வர் தாவாது.

படி 2: எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே எடுத்துக்காட்டு

ஒரு பக்கத்தில் ஊழியர், இன்னொன்றில் மாணவர், மூன்றாவதில் ஆர்டர் என்று மாற்றிக்கொண்டே போனால், படிக்கிறவர் ஒவ்வொரு முறையும் டேபிளை முதலிலிருந்து புரிந்துகொள்ள வேண்டும். நான் நூலகத்தை எடுத்துக்கொண்டேன். நூல்கள், உறுப்பினர்கள், இரவல் என்று மூன்றே டேபிள். ஃபாரின் கீ (இன்னொரு டேபிளின் ரோவைச் சுட்டுவது), ஜாயின் (டேபிள்களைச் சேர்த்துப் பார்ப்பது) இரண்டும் இரவல் டேபிளில் தாமாகவே வந்து நிற்கின்றன. நல் (மதிப்பு இல்லை என்பதன் குறி) மதிப்புக்கும் இதில் இயல்பான இடம் உண்டு: நூல் இன்னும் திரும்பி வரவில்லை என்றால் 'திரும்பிய தேதி' நல்லாக இருக்கும். அதைத் தேடும்போது 'ஈக்வல் நல்' என்று எழுதினால் ஒரு ரோவும் வராது, பிழையும் வராது. 'இஸ் நல்' என்று எழுத வேண்டும். யாரிடம் நூல் நிலுவையில் இருக்கிறது என்று பார்க்கும் க்வெரியில் இதைச் சொன்னால் ஒருவரும் மறப்பதில்லை.

பெயர்களைத் தமிழிலேயே சேருங்கள். உறுப்பினர் பெயருக்கு வார்கேர் 10 (அதிகபட்சம் 10 எழுத்து என்று வரம்பு வைக்கும் வகை) வைத்து, தமிழ்ச்செல்வன் என்ற பெயரைச் சேர்த்துப் பாருங்கள். நாம் எண்ணினால் 8 எழுத்து. போஸ்ட்கிரெஸ் 'வேல்யூ டூ லாங்' என்று திருப்பி அனுப்பிவிடும். அது யூனிகோட் குறியீடுகளை எண்ணுகிறது. புள்ளி தனி, கொம்பு தனி, ஆக மொத்தம் 14. நம் வாடிக்கையாளர் பெயர்களை வைத்து வேலை செய்யப்போகிறவருக்கு இது முதல் வாரத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். எங்கள் கையேட்டில் எல்லா இடத்திலும் நீள வரம்பு வைக்காத டெக்ஸ்ட் வகைதான். போஸ்ட்கிரெஸில் இரண்டுக்கும் வேகத்தில் வித்தியாசம் இல்லை.

படி 3: எந்த வரியை எங்கே தட்டுவது

இந்தப் படிக்கு மட்டும் நேரம் ஒதுக்குங்கள். மற்ற எதையும்விட அதிகம் பேரை நிறுத்தி வைத்தது இதுதான்.

கட்டளைகளில் சில டெர்மினலில் தட்ட வேண்டியவை, சில பிஎஸ்க்யூஎல்லுக்குள் (டெர்மினலில் ஓடும் போஸ்ட்கிரெஸ் கிளையண்ட்) தட்ட வேண்டியவை. எழுதுகிறவருக்குப் பார்த்தவுடன் தெரியும், அதனால் குறிப்பிட மாட்டார். புதியவர் டெர்மினலில் தட்ட வேண்டிய 'கிரியேட்டிபி' (டேட்டாபேஸ் உருவாக்கும்) கட்டளையை பிஎஸ்க்யூஎல்லுக்குள் தட்டுவார். கூடவே செமிகோலனும் போடமாட்டார். பிழைச் செய்தி எதுவும் வராது. ப்ராம்ப்ட்டில், அதாவது நாம் தட்டும் இடத்துக்கு முன்னால் தானாக வரும் டேட்டாபேஸ் பெயரும் குறிகளும் உள்ள பகுதியில், ஒரே ஒரு குறி மாறும், அவ்வளவுதான்:

நூலகம்=#
நூலகம்-#

முதலாவது, புதிய கட்டளைக்குக் காத்திருக்கிறது. இரண்டாவது, நீங்கள் ஆரம்பித்தது இன்னும் முடியவில்லை என்கிறது. இது தெரியாதவர் அடுத்த கட்டளையைத் தட்டுவார், அதுவும் பழையதோடு ஒட்டிக்கொள்ளும். கடைசியில் எங்கோ ஒரு செமிகோலன் விழும்போது எல்லாம் சேர்ந்து 'சின்டாக்ஸ் எரர்' என்று வரும். அதற்குள் எந்த வரியில் பிழை என்று அவரால் சொல்லவே முடியாது. இன்னும் இரண்டு நிலைகள் உண்டு:

நூலகம்'#
நூலகம்(#

மேலே உள்ளது மேற்கோள் குறியை மூடவில்லை என்பதற்கு. கீழே உள்ளது அடைப்புக்குறியை மூடவில்லை என்பதற்கு. மேற்கோள் திறந்திருக்கும்போது செமிகோலன் போட்டாலும் பயனில்லை. அதுவும் மேற்கோளுக்குள் இருக்கும் எழுத்தாகிவிடும். எந்த நிலையில் மாட்டினாலும் கன்ட்ரோல் சி அழுத்தினால் போதும், அரைகுறையாகக் கிடப்பதெல்லாம் போய் முதல் ப்ராம்ப்ட் வந்துவிடும். வெளியே வர பேக்ஸ்லாஷ் க்யூ.

இந்த நான்கு ப்ராம்ப்ட்டையும் கையேட்டின் முதல் பக்கத்திலேயே, முதல் கட்டளைக்கும் முன்னால் வைத்தேன். கட்டளை ஒவ்வொன்றின் முன்னாலும் அதற்குரிய ப்ராம்ப்ட்டைச் சேர்த்தே எழுதினேன். காப்பி செய்ய வசதியாக ப்ராம்ப்ட் இல்லாமல் எழுதச் சொல்கிறவர்கள் உண்டு. முதல் வாரத்தில் காப்பி செய்வதைவிடக் கையால் தட்டுவதே நல்லது என்பது என் கட்சி. # இருந்தால் சூப்பர்யூசர் (எல்லா அனுமதியும் உள்ளவர்), > இருந்தால் சாதாரண யூசர் என்பதையும் அங்கேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

படி 4: பிழைச் செய்தியே தலைப்பு

'அங்கீகாரம் தொடர்பான சிக்கல்கள்' என்று தலைப்பு வைத்தால் யாரும் தேடி வரமாட்டார்கள். திரையில் வந்த செய்தியை அப்படியே தலைப்பாக வையுங்கள்: 'பியர் ஆதென்டிகேஷன் ஃபெயில்ட்'. கீழே இரண்டு வரி போதும். உபுண்டுவில் லோக்கலாக இணையும்போது, லினக்ஸ் யூசர் பெயரும் டேட்டாபேஸ் யூசர் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று போஸ்ட்கிரெஸ் பார்க்கிறது. இல்லையென்றால் உள்ளே விடாது. முதல் முறை சூடோ (வேறு யூசராகக் கட்டளையை ஓட்டும் லினக்ஸ் கட்டளை) மூலம் போஸ்ட்கிரெஸ் யூசராக நுழைந்து, உங்கள் பெயரில் ஒரு ரோல், அதாவது டேட்டாபேஸ் யூசர், உருவாக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து வருவது உங்கள் பெயரிலேயே டேட்டாபேஸ் இல்லை என்ற செய்தி. டேட்டாபேஸ் பெயர் கொடுக்காமல் பிஎஸ்க்யூஎல்லைத் திறந்தால் அது யூசர் பெயரையே டேட்டாபேஸ் பெயராக எடுத்துக்கொள்ளும், அதனால்தான்.

பிழைகளை ஸ்கிரீன்ஷாட்டாகப் போடவே வேண்டாம். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேட முடியாது.

கருவிகள்

மார்க்டவுன் (எளிய குறிகளோடு எழுதும் உரை) கோப்புகள், கிட் (மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி). விக்கியை விட்டுவிடுங்கள், அதில் யார் எதை ஏன் மாற்றினார்கள் என்று பார்க்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. கிட்டில் திருத்தம் ஒவ்வொன்றையும் இன்னொருவர் படித்த பிறகே சேர்ப்பது என்று வைத்துக்கொள்ளலாம். பிஜிஅட்மின், டிபீவர் இரண்டும் டேட்டாபேஸை மெனு வழியாக இயக்க நல்ல மென்பொருள்கள்தான், ஆனால் இரண்டாம் வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மெனுக்கள் பதிப்புக்குப் பதிப்பு இடம் மாறும். பிஎஸ்க்யூஎல் கட்டளைகளை ஒருமுறை எழுதினால் பல வருடம் நிற்கும்.

படி 5: புது ஆளிடம் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள்

டாக்கரில் (மென்பொருளைத் தனியாகப் பிரித்து ஓட்டும் கருவி) புது போஸ்ட்கிரெஸ் ஒன்றைத் திறந்து, கையேட்டைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அவர் தயங்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், வாய் திறக்காதீர்கள். நீங்கள் சொல்லிக்கொடுத்தால் கையேட்டில் அந்த ஓட்டை அப்படியே இருக்கும். எங்களுக்கு பாஸ்வேர்ட் விஷயம் இப்படித்தான் தெரியவந்தது. தட்டும்போது திரையில் எதுவும் தெரியாததால், கீபோர்டு வேலை செய்யவில்லை என்று நினைத்தார் எங்களுடன் சேர்ந்த ஒரு தம்பி. அந்த வரி இப்போது கையேட்டில் இருக்கிறது.

பின்சேர்க்கை: டேபிள் உருவாக்கும்போது 'பெர்மிஷன் டினைட் ஃபார் ஸ்கீமா பப்ளிக்' என்று வருவதாகப் பின்னூட்டத்தில் சிலர் எழுதியிருந்தார்கள். அவர்கள் கையேட்டில் தவறில்லை, அது பழையது. 2022 அக்டோபரில் வந்த 15ஆம் பதிப்பு முதல், புதிதாக உருவாக்கும் டேட்டாபேஸில் பப்ளிக் ஸ்கீமாவுக்குள் (டேபிள்களை வைக்கும் இயல்பான பிரிவு) எல்லா யூசரும் டேபிள் உருவாக்க முடியாது. டேட்டாபேஸின் உரிமையாளருக்கு முடியும். டேட்டாபேஸ் உருவாக்கும் போதே அந்த யூசரை உரிமையாளராகக் குறிப்பிட்டுவிட்டால் தீர்ந்தது. பழைய சர்வரிலிருந்து அப்கிரேட் செய்தவர்களுக்குப் பழைய அனுமதியே தொடரும், அதனால்தான் சீனியர் மெஷினில் ஓடுவது ஜூனியர் மெஷினில் ஓடாது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'பதிப்பு 16இல் ஓட்டிப் பார்த்தது' என்பது போல ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு வருகிறது, ஒவ்வொன்றுக்கும் 5 ஆண்டு ஆதரவு. உங்கள் சர்வரை மாற்றும் வாரத்தில் படி 5ஐ மறுபடி ஒருமுறை செய்துவிட்டு அந்த எண்ணை மாற்றுங்கள்.