நிழலில் காய வேண்டிய இலைகள்

துளசியும் புதினாவும் தொட்டியில் செழித்து நிற்கும் வீடுகள் நிறைய உண்டு. ஆனால் அதே இலையைக் காயவைத்துப் பாட்டிலில் போட்டு, சில வாரம் கழித்துத் திறந்தால் வைக்கோல் வாசம்தான் வருகிறது. மூலிகை பெரும்பாலும் வீணாவது பறித்த பிறகுதான்.

இதில் முதல் தவறு மொட்டை மாடி வெயில். வடகமும் மிளகாயும் காயப்போட்டுப் பழகிய கை, துளசியையும் அங்கேயே கொண்டுபோய்ப் பரப்பிவிடுகிறது. துளசிக்கும் புதினாவுக்கும் மணம் தருவது இலைமேல் உள்ள நுண்ணிய சுரப்பிகளில் தேங்கியிருக்கும் எண்ணெய். சூடு பட்டால் அது எளிதில் ஆவியாகிவிடும். சித்திரை வெயிலில் போட்டால் இலை சீக்கிரம் சருகாகும், நிறமும் வெளுத்துவிடும். காற்றோட்டமுள்ள அறையில், வெள்ளைத் துணி விரித்து, இலைமேல் இலை படாமல் பரப்புங்கள், தினமும் புரட்டிவிடுங்கள். கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கீரைக்கும் இதே முறைதான். கொத்தமல்லி விதை, அவித்த மஞ்சள் போன்றவை வெயிலைத் தாங்கும். இலையும் பூவும் தாங்காது.

பறிக்கும் நேரமும் முக்கியம். காலையில் பனி உலர்ந்த பின், வெயில் ஏறுவதற்குள் பறிக்க வேண்டும். கழுவினால் ஈரம் முழுக்க வடிந்த பிறகே பரப்ப வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையைத் தொடாதீர்கள். இலை காய்வதற்குள் கறுத்துவிடும்.

அடுத்தது அவசரம். மேலே தொட்டால் மொறுமொறுப்பாக இருக்கும், காம்பில் ஈரம் நிற்கும். காம்பை வளைத்துப் பாருங்கள்: வளைந்துகொடுத்தால் இன்னும் காயவில்லை, ‘படக்’கென்று ஒடிந்தால் காய்ந்துவிட்டது. அதன் பிறகும் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூடி, சில நாள் கவனிக்க வேண்டும். உட்புறக் கண்ணாடியில் ஆவி படிந்தால் உடனே வெளியே கொட்டி மறுபடி உலர்த்துங்கள். பூஞ்சணம் பிடித்தால் அந்தப் பகுதியை மட்டும் பொறுக்கி எறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்தக் கூடாது. மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டும். மூலிகையில் சிக்கனம் பார்க்கும் இடம் இதுவல்ல. எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பொடித்து வைப்பதும் வேண்டாம். இலையாக இருக்கும்வரை மணம் நிற்கும். பொடியானால் சீக்கிரம் போய்விடும்.

கற்பூரவல்லியைக் காயவைக்க மெனக்கெட வேண்டாம். சதைப்பற்றான இலை; முழுக்கத் தண்ணீர். ஒரு துண்டுத் தண்டை நட்டால் வேர்விடும் செடி அது. வேண்டும்போது பச்சையாகப் பறித்துக்கொள்ளலாம்.

துளசியில் கதிர் வந்ததும் அழகாக இருக்கிறதென்று விட்டுவிடுகிறார்கள். விதை முற்றினால் செடியின் சத்து அங்கே போய், இலை சிறுத்து, தண்டு கட்டையாகிவிடும். கதிரை இளசிலேயே கிள்ளினால் பக்கக் கிளை வெடிக்கும்.

மல்லிகை விஷயத்தில் தவறு கருணையால் நேர்கிறது. வெட்ட மனம் வராமல் கொடியாக ஓடவிடுகிறார்கள். புதுத் துளிரில்தான் மல்லிகை அரும்பு கட்டும். நவம்பர் கடைசியில், தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரம் விட்டு மேலே உள்ளதைக் கவாத்து செய்து, தொழுவுரம் போட்டால் பங்குனி, சித்திரையில் செடி நிறையப் பூக்கும். பூக்கவில்லையே என்று யூரியாவை அள்ளிப் போட்டால் இலைதான் மண்டும்.

செம்பருத்தியில் எறும்பு வரிசை ஏறினால் எறும்பை விரட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். அந்த வரிசையைப் பின்தொடர்ந்து நுனித் துளிரைப் பாருங்கள். பஞ்சு ஒட்டியதுபோல மாவுப்பூச்சி இருக்கும். அது கசியவிடும் இனிப்பு நீருக்காகத்தான் எறும்பு வருகிறது, பதிலுக்கு அதன் எதிரிகளையும் விரட்டிக் காவல் காக்கிறது. பூச்சி மண்டிய நுனியை வெட்டி அப்புறப்படுத்துங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், சில துளி சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

நர்சரியிலிருந்து வாங்கிவந்த செம்பருத்தியின் பூவை வந்த வாரமே தேநீரில் போடுவதுதான் நான் மிகவும் அஞ்சும் தவறு. அழகுச் செடிகளுக்கு என்ன மருந்து அடித்திருப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. செடிக்குள் ஊடுருவி நிற்கும் மருந்து கழுவினால் போகாது. சில மாதங்கள் நம் மண்ணில் வளர்ந்து, புதுக் கிளை விட்டுப் பூக்கும்வரை அந்தப் பூ பூஜைக்கு மட்டும் இருக்கட்டும்.