பின் பிளேட்டுக்குச் சிலிண்டர் வாங்குமுன் குழாயால் அளவு பாருங்கள்

உழவு மெசினின் பின்னால் பூட்டும் மண் தள்ளும் பிளேட்டை இருக்கையில் இருந்தபடியே ஹைட்ரோலிக்கில் இடம் வலம் திருப்ப விரும்புகிறவர்கள், சிலிண்டருக்குக் காசு கொடுக்குமுன் ஒரு பொய்ச் சிலிண்டர் செய்து பாருங்கள். 1 அங்குல ஜி.ஐ. குழாயை ஒன்றேகால் அங்குலக் குழாய்க்குள் செருகி, சிலிண்டரைப் பூட்டும் காதுகள் ஒட்டப்போகும் இரண்டு இடத்திலும் பிடித்துக் கட்டுங்கள். பிளேட்டைத் திரும்பவிடாமல் பிடித்திருக்கும் பின்னை (pin) கழற்றி, பிளேட்டைக் கையால் இடம் வலம் முழுவதும் தள்ளி, குழாயின் முழு நீளத்தை இரண்டு கோடியிலும் அளந்துகொள்ளுங்கள். 21 அங்குலமும் 31 அங்குலமும் வந்தால், சுருங்கியபோது 21, ஸ்ட்ரோக் (தடி வெளியே நீளும் தூரம்) 10 உள்ள சிலிண்டர்தான் பொருந்தும்.

ஸ்ட்ரோக் மட்டும் சொல்லி வாங்கினால் ஏமாறுவோம். தடி முழுதாக உள்ளே போனாலும் சிலிண்டர் அதன் ஸ்ட்ரோக்கை விட நீளமாகவே நிற்கும். அந்த நீளம் நம் அளவை மிஞ்சினால் பிளேட் ஒரு பக்கம் முழுதாகத் திரும்பாது. ஸ்ட்ரோக் கூடினாலோ பிளேட் முட்டி நின்ற பிறகும் சிலிண்டர் தள்ளி, ஒட்டிய காதை வளைத்துவிடும். ரயரில் உரசுமா, ஹோஸ் எட்டுமா என்பதும் பொய்ச் சிலிண்டரைக் கட்டிப் பார்க்கும்போதே தெரிந்துவிடும்.

அந்தப் பின் போடும் பழைய துளையை மட்டும் அடைத்துவிடாதீர்கள். மட்டக்களப்பின் படுவான்கரைக் கிறவல் பாதையில் வேரோ கல்லோ பிளேட்டின் நுனியில் அடித்தால் பின் இல்லாதபோது அந்த உதை நேரே சிலிண்டர் தடிக்குத்தான் போகும். பாரமான வேலைக்குப் பின்னைப் போட்டுவிடுவது நல்லது.

பெட்டி (ட்ரெய்லர்) கவிழ்க்கும் ஒற்றை ஒயில் வாய் மட்டுமுள்ள மெசினுக்கு இது சரிவராது. அது ஒரு பக்கம் தள்ளும், திருப்பி இழுக்காது. முதலில் இரட்டைவழி வால்வு பூட்ட வேண்டும்.