எக்ஸ்பான் கேமராவில் கறுப்பு வெள்ளை அகலப்படம்: எடுப்பதும் ஸ்கேன் செய்வதும்

ஹாசல்பிளாடும் ஃபியூஜியும் சேர்ந்து உருவாக்கி 1998இல் வெளிவந்த எக்ஸ்பான், சாதாரண 35 மி.மீ. பிலிமிலேயே 24×65 மி.மீ. அளவில் அகலப்படம் (பனோரமா) எடுக்கும் கேமரா. 36 படச் சுருளில் 21 அகலப்படங்கள் கிடைக்கும். இவ்வகைப் படத்தில் நடுப்பகுதி பெரும்பாலும் நன்றாகவே அமைந்துவிடும், கெடுவது ஓரங்கள்தாம். ஆகவே தொடக்கம் முதலே ஓரங்களை மனத்தில் வைத்து வேலை செய்யுங்கள்.

கேமராவை முக்காலியில் பொருத்தி, மேலே செருகும் சிறிய ரசமட்டத்தைப் பார்த்து நேராக நிறுத்துங்கள். ஒரு பாகை சாய்ந்தாலே அடிவானம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குள் 1 மி.மீ.க்கு மேல் இறங்கிவிடும். பிறகு கணினியில் நிமிர்த்தலாம். ஆனால் 24 மி.மீ. உயரமே உள்ள படத்தில் மேலும் கீழும் வெட்டுவதற்கு இடம் ஏது?

45 மி.மீ. லென்ஸில் ஓரங்கள் சற்று இருண்டு விழும். அதற்கென உள்ள மைய ஃபில்டர் நடுவில் ஏறத்தாழ ஒரு ஸ்டாப், அதாவது பாதியளவு, ஒளியைக் குறைத்து இதைச் சமன்செய்கிறது. ஒளிமானி லென்ஸ் வழியாகவே அளப்பதால் தனியாகக் கணக்கிட வேண்டியதில்லை. ஃபில்டர் இல்லையென்றால் லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப்/8 அல்லது எஃப்/11 வைத்து எடுங்கள். வானத்தைக் கருக்க ஆரஞ்சு ஃபில்டர் போடும் ஆசை எனக்கும் உண்டு; ஆனால் அந்தக் கருமையும் ஓர இருளும் சேர்ந்தால் மூலைகள் விவரமின்றிக் கறுத்துப்போவதால், அகலப்படத்துக்கு மஞ்சளையே பரிந்துரைப்பேன்.

ஒரு முனையில் வெயிலும் மறுமுனையில் நிழலும் விழும் காட்சிகள் இதில் அடிக்கடி வரும். அப்போது நிழல் பக்கத்தை அளந்து ஒளியை முடிவுசெய்யுங்கள். இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் போன்ற 400 வேகப் பிலிம், வெயில் பக்கம் மிகும் ஒளியைப் பொறுத்துக்கொள்ளும். நிழலில் பதியாமல் போன விவரத்தை எந்த ஸ்கேனராலும் மீட்க முடியாது.

கழுவக் கொடுக்கும்போது, பிலிமை வெட்டாமல் முழுச்சுருளாகவே தரும்படி உறையின்மேல் எழுதிக் கொடுங்கள். ஒருமுறை நான் சொல்ல மறந்ததால், லேபில் வழக்கமான 36 மி.மீ. கணக்கில் வெட்டி மூன்று படங்களை நடுவில் துண்டித்துவிட்டார்கள். அந்த இழப்பு இன்றும் வருத்துகிறது. வீட்டில் கழுவினால், ஐடி-11 என்னும் டெவலப்பர் கரைசலை மேலும் நீர் கலக்காமல் 20 டிகிரி செல்சியஸில் ஏழரை நிமிடம் பயன்படுத்தலாம். உலர்ந்தபின் மும்மூன்று படங்களாக நீங்களே வெட்டி, சுருளும் பிலிமைக் கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓரிரவு வையுங்கள். பிலிம் வளைந்திருந்தால் ஸ்கேனில் ஓரங்கள் கூர்மை இழக்கும்.

35 மி.மீ. பிலிமுக்கென்றே உள்ள ஸ்கேனர்கள் பல 36 மி.மீ. அகலத்தோடு நின்றுவிடுவதால், படத்தை இரண்டாக எடுத்து ஒட்ட வேண்டியிருக்கும். எப்சன் வி850 போன்ற தட்டை ஸ்கேனரில் அந்தத் தொல்லை இல்லை. பளபளப்பான பக்கம் கீழே இருக்குமாறு நெகட்டிவை ஹோல்டரில் வையுங்கள். மென்பொருள் தானாகப் படங்களைப் பிரிக்கும் வசதியை நிறுத்திவிட்டு, 65 மி.மீ. முழுவதும் அடங்குமாறு, சுற்றிலும் சிறிது வெற்றுப் பிலிமும் தெரியக் கட்டமிடுங்கள். 16 பிட் கிரேஸ்கேல் (கறுப்பு வெள்ளை), 3200 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்) என்று வைத்தால் ஏறத்தாழ 8,200×3,000 பிக்சல் கோப்பு கிடைக்கும். தூசி நீக்கும் டிஜிட்டல் ஐஸை அணைத்துவிடுங்கள். அது அகச்சிவப்புக் கதிரால் இயங்குவது, பிலிமில் உள்ள வெள்ளி அக்கதிரை மறைப்பதால் படத்தையே தூசியென்று கருதிச் சிதைத்துவிடும். தூசியை ஊதுகுமிழால் முன்பே அகற்றுங்கள். எஞ்சிய புள்ளிகளைக் கணினியில் கையால் நீக்குங்கள்.

ஸ்கேன் சற்றுச் சப்பென்றுதான் தெரிய வேண்டும். கருமையிலும் வெண்மையிலும் விவரம் வெட்டுப்படாத அந்தக் கோப்பைத் தனியே சேமித்துவிட்டு, அதன் நகலில் முதலில் ஓரங்களின் ஒளியைச் சமன்செய்து, பின்னரே மொத்தப் படத்தின் கான்ட்ராஸ்டைக் கூட்டுங்கள்.