கொதிக்கிற இடத்திலேயே துளை போடலாமா? எரிமலைப் பிளவில் புவிவெப்பத்தை மதிப்பிடும் முறை

கென்யாவின் போகோரியா ஏரிக்கரையில் வெந்நீர் கொதித்துப் பீறிடும். பார்த்ததும் இங்கேயே துளை போட்டு மின்சாரம் எடுத்துவிடலாம் என்றுதான் தோன்றும். பொறுங்கள். வெந்நீர் தாழ்வான பக்கம் வழிந்தோடி வந்து வெளிப்படும். அதைச் சூடாக்கும் அடுப்பு சில கிலோமீட்டர் தள்ளிக்கூட இருக்கலாம். அந்த அடுப்பைத் தேடுவதுதான் நம் வேலை.

படி 1: வரைபடம்

இளம் எரிமலைகள், சரிந்த எரிமலைவாய்கள், நிலப்பிளவுகள், ஊற்றுகள், நீராவித் துளைகள் எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் குறியுங்கள். பிளவுகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களுக்குத் தனி மதிப்பு. நீர் மேலேறும் வழி பெரும்பாலும் அங்கேதான். எரிமலை மேட்டில் ஊற்று இல்லையே என்று அதை ஒதுக்கிவிடாதீர்கள். அங்கே நிலத்தடி நீர் ஆழத்தில் இருக்கும், ஆவி மட்டும்தான் மேலே வரும்.

படி 2: நீரைக் கேளுங்கள்

சூடு ஏற ஏற நீரில் சிலிக்கா கூடுதலாகக் கரையும். அந்த அளவிலிருந்து ஆழத்து வெப்பத்தைக் கணிக்கலாம்:

வெப்பநிலை (செல்சியஸ்) = 1309 ÷ (5.19 − லாக் சிலிக்கா) − 273 (லாக் என்பது 10ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கை)

கிலோவுக்கு 300 மில்லிகிராம் சிலிக்கா என்றால் சுமார் 209 டிகிரி வரும். வழியில் குளிர்ந்த நீர் கலந்திருந்தால் விடை குறைவாக வரும். போகோரியா போன்ற காரநீரில் அதிகமாக வரும். அதனால் நீரிலுள்ள சோடியம்–பொட்டாசியம் விகிதத்திலிருந்து வெப்பத்தைக் கணிக்கும் கணக்கையும் போட்டு ஒப்பிடுங்கள். ஆவி மட்டும் கிடைக்கும் இடத்தில் வாயுக்களை அளக்க வேண்டும்.

படி 3: மின்தடை அளவை

சூடான நீர் பாறையைக் களிமண்ணாக மாற்றி, தேக்கத்துக்கு, அதாவது ஆழத்தில் வெந்நீர் தேங்கியிருக்கும் பாறைக்கு, ஒரு மூடி போட்டுவிடும். அந்த மூடியில் மின்சாரம் எளிதாகப் பாயும். அதன் கீழே, சூடு மிகுந்த பகுதியில், மின்தடை மறுபடி ஏறும். ஆனால் உப்பு ஏரி வண்டலும் இதே முகத்தைக் காட்டும். ஆறிப்போன பழைய தேக்கமும் அப்படித்தான். இந்தப் படத்தை மட்டும் நம்பிக் கிணற்றுக்கு இடம் குறிப்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

படி 4: கணக்கு

எவ்வளவு மின்சாரம் கிடைக்கும்? தேக்கத்தின் பரப்பு 10 சதுர கி.மீ., தடிமன் 1.5 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டர் பாறை ஒரு டிகிரி குளிர்ந்தால் 2.7 மெகாஜூல் தரும். 250 டிகிரியிலிருந்து 180 வரை குளிரவிட்டால் மொத்தம் 2.8 × 10¹⁸ ஜூல்.

இதில் 10 சதவீதம்தான் மேலே வரும், அதில் 10 சதவீதம்தான் மின்சாரமாகும் என்று கொண்டு 30 ஆண்டுகளுக்குப் பரப்பினால் சுமார் 30 மெகாவாட். மேலே வருவது 20 சதவீதம் என்று மாற்றிப் பாருங்கள்: 60! பாறை அப்படியேதான் இருக்கிறது, மாறியது நம் ஊகம். ஆகவே ஒற்றை எண்ணை அறிக்கையில் எழுதாதீர்கள். குறைந்தபட்சம், நடுத்தரம், அதிகபட்சம் என மூன்றையும் எழுதுங்கள்.

படி 5: துளை

சூடு மட்டும் போதாது, பாறை தன் வழியே நீரை ஓடவிடவும் வேண்டும். அதைக் கிணறுதான் சொல்லும். கென்யாவின் ஒல்காரியாவில் 1950களில் போட்ட முதல் இரண்டு கிணறுகள் கைகொடுக்கவில்லை. 1970களில் மறுபடி தோண்டியபோதுதான் பயன்படும் அளவுக்கு நீராவி வந்தது. முதல் 15 மெகாவாட் அலகு 1981இல் ஓடியது.