மெய்நிகர் உதவியாளர் தொழில்: தொடங்கும் முன் சில ஏற்பாடுகள்

வேலைக்குப் போய்க்கொண்டே வீட்டிலிருந்து மெய்நிகர் உதவியாளர் தொழில் (பிறரின் அலுவலக வேலைகளை இணையம் வழியே செய்து தருவது) தொடங்க நினைக்கும் அம்மாக்கள், முதலில் தங்கள் நியமன ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். பக்கத் தொழிலுக்குத் தடை விதிக்கும் ஒப்பந்தங்கள் உண்டு. அலுவலக மடிக்கணினியில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

எந்த வேலையை ஏற்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் பொறுப்பை எடுத்தால், குழந்தை அழும் நேரம் பார்த்துத்தான் மணி அடிக்கும். மின்னஞ்சல்களைப் பிரித்து ஒழுங்குபடுத்துவது, பில் தயாரிப்பது, சமூக ஊடகப் பதிவுகளுக்கு முன்கூட்டியே நேரம் குறித்து வைப்பது போன்றவற்றை இரவு ஒன்பது மணிக்கும் செய்யலாம். இவற்றில் இரண்டு போதும். எல்லாம் செய்வேன் என்பவர் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிடுவார்கள்.

கட்டணத்தை மாதத்துக்கு 10 மணி நேரம் என்பதுபோல் தொகுப்பாகப் பேசி, பாதியை முன்பணமாக வாங்குங்கள். கூடுதல் மணிக்கு எவ்வளவு என்பதும் எழுத்தில் இருக்கட்டும். "ஒரு சின்ன வேலைதான்" என்று வாட்ஸ்அப்பில் வருவதும் கணக்கில் சேரும். டாகிள் போன்ற செயலியில் நேரத்தைப் பதிந்துவந்தால் வாக்குவாதத்துக்கு இடமிருக்காது.

வாடிக்கையாளரின் கடவுச்சொல்லைக் குறுஞ்செய்தியில் வாங்காதீர்கள். பிட்வார்டன் போன்ற கடவுச்சொல் பெட்டகச் செயலி வழியாகப் பகிரச் சொல்லுங்கள். ஜிமெயிலுக்கு அதுவும் தேவையில்லை. கணினியில் அமைப்புகள் பகுதிக்குப் போய் அவர் உங்களுக்கு அனுமதி கொடுத்தால், உங்கள் கணக்கிலிருந்தே அவருடைய அஞ்சல்களைப் படித்துப் பதில் அனுப்பலாம். ஒப்பந்தம் முடிந்ததும் அவரே அனுமதியை நீக்கிவிடலாம்.