முதலில் திரை, பிறகுதான் கார்ட்: பல மொனிட்டர் கணினி போடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு மூன்று மொனிட்டரோடு பெரிய கணினி ஒன்று போட நினைத்து கொழும்பு பம்பலப்பிட்டியில் கணினிக் கடைகள் நிறைந்த யூனிட்டி பிளாசாவுக்குப் போனால், கடைக்காரர் பெரும்பாலும் முதலில் கேட்பது "எந்த கார்ட் பார்க்கிறீங்க அண்ணா?" என்பதுதான். அவரில் பிழையில்லை. வருகிறவர்கள் கிராபிக்ஸ் கார்ட்டின் பெயரோடுதான் வருகிறார்கள். கொட்டேஷனின் முதல் வரியில் கிராபிக்ஸ் கார்ட் ஏறும், மிச்சக் காசுக்கு ப்ராசசர், பிறகு ரேம், கடைசியில் "மொனிட்டர் ஏதாவது மூன்று" என்று முடியும். பகலில் வேலை, இரவில் கேம் என்று இரண்டையும் சுமக்கப்போகிற கணினிக்கு இந்த வரிசை தலைகீழானது. நாள் முழுக்கக் கண் பார்க்கப்போவது திரையை. எந்தக் கார்ட் போதும், எவ்வளவு மின்சாரம் இழுக்கும், அறை எவ்வளவு சூடாகும் என்பதெல்லாம் திரையைத் தீர்மானித்த பிறகுதான் தெரியவரும்.

திரை என்று வரும்போது உங்களிடமே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. கேம் மூன்று திரையிலும் ஓட வேண்டுமா, நடுத்திரையில் மட்டும் ஓடினால் போதுமா? கார் ஓட்டுகிற, விமானம் ஓட்டுகிற சிமுலேட்டர் விளையாடுபவர்களுக்கு மூன்று திரையும் சேர்ந்த அகலம் உண்மையிலேயே பெரிய சுகம். மற்றக் கேம்களில் பல அந்த அகலத்தைச் சரியாகக் கையாள்வதில்லை. ஓரத்துத் திரைகளில் படம் இழுபட்டுத் தெரியும், மெனுக்கள் எங்கெங்கோ போய் நிற்கும். மூன்று வாங்கிய பலர் கடைசியில் நடுத்திரையில் மட்டும் விளையாடி, பக்கத்துத் திரையில் சாட்டும் யூடியூபும் திறந்து வைத்திருக்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் விளையாடுவீர்கள் என்றால் ஒரே மாதிரி மூன்று விலை கூடிய கேமிங் மொனிட்டர் வாங்குவது வீண். நடுவில் நல்லது ஒன்று, பக்கங்களில் எழுத்துத் தெளிவாகத் தெரிகிற சாதாரண ஐபிஎஸ் (பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத எல்சிடி வகை) திரை இரண்டு. மிச்சப்படும் காசு யூ.பி.எஸ்ஸுக்குப் போகட்டும், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

மூன்றிலும் கேம் ஓட வேண்டும் என்றால் கணக்கு மாறுகிறது. 1440பி (2560×1440) திரை ஒன்றில் கிட்டத்தட்ட 37 இலட்சம் பிக்செல், அதாவது படப் புள்ளிகள். 4கே (3840×2160) திரையில் 83 இலட்சம். மூன்று 1440பி திரை சேர்ந்தால் 1 கோடியே 10 இலட்சம், அதாவது ஒரு 4கே திரையைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். "4கேயில் நன்றாக ஓடும் கார்ட்" என்று கேள்விப்பட்டு வாங்கியவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். மூன்று திரையையும் ஒரே பெரிய திரையாக்கும் என்விடியாவின் சரவுண்ட் வசதிக்கு மூன்றும் ஒரே ரெசலூஷனில், ஒரே ஹேர்ட்ஸில் (விநாடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்ற அளவு) இருப்பதும் அவசியம். ஆகவே இந்த வழிக்குப் போகிறவர் மூன்றையும் ஒரே மொடலாக, ஒரே நாளில் வாங்குவதே நல்லது. பிறகு வாங்கலாம் என்று விட்டால் அந்த மொடல் கடையில் இருக்காது.

இரண்டு திரை போதும் என்பவர்கள் செய்யும் தவறு வேறு. இரண்டையும் சரிசமமாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டுக்கும் இடையிலான விளிம்பு சரியாக மூக்குக்கு நேரே வரும். கழுத்து நாள் முழுக்க ஒரு பக்கம் திரும்பியே இருக்கும். ஒன்றை நேர் எதிரே வையுங்கள், மற்றது பக்கத்தில் இருக்கட்டும், முடிந்தால் நெடுக்காக. கோட் எழுதுபவர்களுக்கும் நீண்ட ஆவணம் வாசிப்பவர்களுக்கும் நெடுக்குத் திரை பழகிவிட்டால் பிறகு விட மனம் வராது.

வேலைக்கான திரையில் எழுத்துத் தெளிவுதான் முக்கியம். 27 அங்குலத்தில் 1080பி என்றால் அங்குலத்துக்கு 82 பிக்செல்தான். ஆங்கிலம் ஓரளவு சமாளிக்கும், ஆனால் ஞ, ணு, ஐ போன்ற சுழிகள் நிறைந்த தமிழ் எழுத்துகள் சிறிய அளவில் குழம்பிப்போகும். அதே 27 அங்குலத்தில் 1440பி எடுத்தால் 109, 4கே எடுத்தால் 163. தமிழில் நிறைய வாசிக்கிறவர், எழுதுகிறவர், பக்கம் வடிவமைக்கிறவர் 1080பியை இந்த அளவில் தொடவே வேண்டாம் என்பேன்.

ஒவ்வொரு பிக்செல்லும் தானே ஒளிரும் ஓலெட் திரை கேமுக்கு அவ்வளவு அழகு, கறுப்பு கறுப்பாகவே தெரியும். ஆனால் டாஸ்க்பாரும் எக்செல் கட்டங்களும் தினமும் எட்டு மணித்தியாலம் அசையாமல் ஒரே இடத்தில் இருந்தால் காலப்போக்கில் அந்த இடத்தில் நிரந்தரத் தடம் விழும் ஆபத்து உண்டு. பிக்செல்லுக்குள் நிறப் புள்ளிகள் அடுக்கப்பட்டிருக்கும் முறையால் சில ஓலெட் திரைகளில் எழுத்தின் ஓரத்தில் மெல்லிய நிறக் கசிவும் தெரியும். வேலை நேரம் அதிகமென்றால் ஓலெட்டை நடுவில் கேமுக்கு வைத்து, எழுத்து வேலையைப் பக்கத்து ஐபிஎஸ் திரைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மேசையை அளக்காமல் திரை வாங்குவதும் நிறையவே நடக்கிறது. 27 அங்குல மொனிட்டர் ஒன்று சுமார் 61 சென்ரிமீற்றர் அகலம். பக்கத்துத் திரைகளைச் சற்று உள்நோக்கித் திருப்பி வைத்தாலும் மூன்றுக்கும் 165 சென்ரிமீற்றர் அளவில் வேண்டும். வெள்ளவத்தைத் தொடர்மாடி அறையில் கட்டிலுக்கும் அலுமாரிக்கும் நடுவே போடுகிற நாலடி மேசையில் அது நிற்காது. மொனிட்டர் ஆர்ம் வாங்கினால் இடம் மிச்சம், ஆனால் கொழும்பின் ஈரப்பதத்தில் ஊதிப்போன சிப்போர்ட் பலகையில் அதன் கிளாம்ப்பை இறுக்கினால் பலகை உடையும். ஆர்ம் தாங்கும் எடையையும் மொனிட்டரின் எடையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வளைந்த அகலத் திரைகளை மலிவான ஆர்ம்கள் தாங்குவதில்லை.

பலரும் திட்டத்தில் சேர்க்க மறப்பது ஒபிஸ் லெப்டொப்பை. வேலை என்பது கொம்பனி தந்த லெப்டொப்பில் நடக்கும், கேம் சொந்தக் கணினியில் நடக்கும், திரைகள் மட்டும் இரண்டுக்கும் பொது. ஒவ்வொரு நாளும் காலையில் கேபிள் கழற்றி மாட்டிக்கொண்டிருக்க முடியாது. யூஎஸ்பி-சி வழியாகவே படமும் சார்ஜும் தரக்கூடிய, கேவிஎம் சுவிட்ச் (ஒரே கீபோர்டையும் மவுஸையும் இரண்டு கணினிக்கு மாற்றித் தருவது) உள்ளே அமைந்த மொனிட்டர் ஒன்றை நடுவில் வைத்தால் கீபோர்டும் மவுஸும் ஒரு பொத்தானில் மாறிவிடும். எம்1, எம்2 சிப் உள்ள மெக்புக் எயார் என்றால் அது நேரடியாக ஒரு வெளித்திரைக்குத்தான் படம் அனுப்பும். இரண்டு வேண்டுமென்றால் யூஎஸ்பி வழியாகக் கூடுதல் திரைக்குப் படம் அனுப்பும் டிஸ்ப்ளேலிங்க் வகை டொக் வேண்டும். திரை வாங்கும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

கேபிள் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆர்டிஎக்ஸ் 4090 போன்ற கார்ட்டில் பொதுவாக மூன்று டிஸ்ப்ளே போர்ட், ஒரே ஒரு எச்டிஎம்ஐ. எச்டிஎம்ஐ மட்டும் உள்ள மூன்று மொனிட்டரை வாங்கிவந்தால் அடாப்டர் தேடி அலைய வேண்டும். எச்டிஎம்ஐ 2.0 வழியாக 4கே படம் முழு நிறத்தோடு 60 ஹேர்ட்ஸுக்கு மேல் போகாது. 144 ஹேர்ட்ஸ் திரைக்குக் காசு கொடுத்துவிட்டு விண்டோஸில் 60இலேயே விட்டுவைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். மாட்டிய அன்றே செட்டிங்ஸுக்குள் போய் ஒவ்வொரு திரைக்கும் ஹேர்ட்ஸை வடிவாகப் பாருங்கள்.

இனி மின்சாரம். இலட்சக்கணக்கில் செலவழித்துப் போட்ட கணினியை மிக மலிவான யூ.பி.எஸ்ஸில் மாட்டுவது இங்கே நடக்கும் மிகப் பெரிய தவறு என்று நினைக்கிறேன். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலம் முடிந்துவிட்டது என்பது உண்மை. ஆனாலும் 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டியதில் முழு நாட்டுக்கும் மின்சாரம் போனது. இடிமின்னல் மாலைகளில் கண் சிமிட்டும் நேரத்துக்குப் போய் வருவதும் சாதாரணம்.

யூ.பி.எஸ் பெட்டியில் பெரிதாக எழுதியிருப்பது விஏ (வோல்ட்-அம்பியர்). உங்களுக்குத் தேவை வொட், அதாவது அது உண்மையில் தரக்கூடிய மின்திறன். மலிவான யூ.பி.எஸ் பலவற்றில் வொட் என்பது விஏயில் 60 வீதம் அளவுதான், ஆகவே 650 விஏ என்பது சுமார் 390 வொட். ஆர்டிஎக்ஸ் 4090 கார்ட்டுக்கு மட்டுமே 450 வொட், 5090க்கு 575. கேம் நடுவே கரண்ட் போனால் அந்தச் சின்ன யூ.பி.எஸ் காப்பாற்றாது, கணினியோடு சேர்ந்து அதுவும் அணையும். பேட்டரியில் ஓடும்போது செயற்கையாகப் படிக்கட்டு போல அலை தரும் யூ.பி.எஸ்ஸோடு நவீன பவர் சப்ளைகள் சில ஒத்துப்போவதில்லை. 'பியூர் சைன் வேவ்' என்று கேட்டு வாங்குங்கள், அதுவும் 900 வொட்டுக்குக் குறையாமல். செலவைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது: கணினி, நடுத்திரை, ஃபைபர் ரவுட்டர் மூன்றையும் மட்டும் பேட்டரியில் விடுங்கள், பக்கத்துத் திரைகள் அணைந்தால் அணையட்டும். ரவுட்டரை மறந்தால் கணினி உயிரோடு இருந்தும் மீட்டிங் அறுந்துவிடும். தொடர்மாடியில் ஜெனரேட்டர் இருக்கிறது என்று நம்புகிறவர்கள், அது வீட்டுக்குள் வருகிறதா, லிஃப்டுக்கும் நடைபாதை விளக்குக்கும் மட்டுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டுக்குள் வந்தாலும் மாறுவதற்குச் சில விநாடி எடுக்கும், அந்த விநாடிகளுக்கு யூ.பி.எஸ் தேவை.

பழைய வீடுகளில் வட்டமுனை பிளக் பொயின்ட்தான் இருக்கும். எர்த் இல்லாத அடாப்டர் ஒன்றைச் செருகி, அதில் ஒரு மல்டி பிளக், அதில் எல்லாம் என்று இழுக்க வேண்டாம். கேஸைத் தொடும்போது மெல்லச் சுள்ளென்றால் எர்த் இல்லை என்று எடுத்துக்கொண்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். 13 அம்பியர் பொயின்ட் ஒன்றை இந்த மேசைக்கென்றே போடுவது கணினியின் விலையோடு பார்த்தால் சின்னச் செலவு.

இழுத்த மின்சாரம் முழுவதும் கடைசியில் அறைக்குள் சூடாகத்தான் வெளியே வரும். கேம் ஓடும்போது கணினியும் மூன்று திரையும் சேர்ந்து 750 வொட் இழுத்தால் மணிக்கு ஏறத்தாழ 2,560 பிடியூ (ஏசியின் திறனையும் அளக்கும் வெப்ப அலகு). உங்கள் அறையில் 9,000 பிடியூ ஏசி இருந்தால் அதில் கால் பங்குக்கு மேல் கணினியே தின்றுவிடும். யூடியூபில் பார்க்கும் வெப்ப அளவுகள் பெரும்பாலும் 20, 22 பாகை அறையில் எடுத்தவை. ஃபேன் மட்டும் சுற்றுகிற கொழும்பு அறையில் பின்னேரம் 30 பாகைக்கு மேல், அந்த வித்தியாசம் அப்படியே சிப்பின் சூட்டிலும் ஏறும். அதனால் கண்ணாடிப் பெட்டி போல முன்புறம் அடைத்த அழகுக் கேஸை விட்டு, முன்னால் வலை உள்ள கேஸை எடுங்கள். காலி றோட்டுத் தூசிக்கு வடிகட்டி வேண்டும், அதை மாதம் ஒருமுறை கழுவ வேண்டும். கடல் பக்க ஜன்னலுக்கு நேரே கணினியை வைக்க வேண்டாம், உப்புக்காற்று உலோகத்தைத் தின்னும். மின்சாரக் கட்டணத்தையும் சேர்த்து யோசியுங்கள்: இதே 750 வொட் தினம் நாலு மணித்தியாலம் என்றால் மாதம் 90 அலகு, அலகு கூடக்கூட அலகொன்றின் விலையும் படிப்படியாக ஏறும்.

ப்ராசசர், ரேம் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 4கேயில் விளையாடும்போது சுமை பெரும்பாலும் கார்ட்டில்தான் இருக்கும், எனவே கேமுக்கு ரைசன் 7 9800எக்ஸ்3டி போன்ற எட்டுக் கோர் தாராளம். வீடியோ ரெண்டரிங் செய்து உழைப்பவர் மட்டும் 16 கோருக்குப் போகலாம். ரேமில் நாலு குச்சி போடுவதைத் தவிருங்கள். ரைசன் 9000 வரிசையில் இரண்டு குச்சிக்கு அதிகாரபூர்வ வேகம் 5600, நாலு போட்டால் 3600. 64 ஜிபி வேண்டுமா, 32இல் இரண்டு வாங்குங்கள்.

கடைசியாகக் கடை. கொட்டேஷனில் 18 வீத வற் சேர்ந்திருக்கிறதா, அந்த விலை எத்தனை நாளைக்குச் செல்லும் என்று கேளுங்கள். டொலர் அசைந்தால் விலையும் அசையும். உத்தரவாதம் இங்குள்ள ஏஜென்ட் தருவதா, கடை மட்டும் தருவதா என்பது விலை வித்தியாசத்தைவிட முக்கியம், ஏனென்றால் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கார்ட் பழுதானால் அங்கேயே திருப்பி அனுப்ப வேண்டிவரலாம். காசு கொடுக்கும் முன் மூன்று திரையையும் கடையிலேயே போட்டு, வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறம் மாற்றி டெட் பிக்செல் (நிறம் மாறாமல் செத்துப்போன புள்ளி) இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் மாட்டும்போது கார்ட்டின் பவர் கேபிள் கடைசிவரை உள்ளே போயிருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள், பாதி செருகிய 12 வோல்ட் கனெக்டர்கள் உருகிய சம்பவங்கள் உண்டு. ஒவ்வொரு பொருளின் சீரியல் இலக்கமும் பில்லில் இருக்கட்டும், பெட்டிகளை உத்தரவாதம் முடியும்வரை எறிய வேண்டாம்.