சமூக அக்கறையுள்ள சிறு பதிப்பகத்துக்கு நூல் அனுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாதி, உழைப்பு, பெண், நிலம், சூழல் என்று ஏதோ ஒன்றைத் தம் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டு நடக்கும் சிறு பதிப்பகங்கள் நம்மிடம் நிறைய உண்டு. அவற்றுக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே வாக்கியத்தில் தொடங்குகின்றன: ‘இது இன்றைய சமூகத்துக்கு மிகவும் தேவையான நூல்.’ தேவைதான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பதிப்பகத்தின் மேசையில் இருக்கும் மற்ற கைப்பிரதிகளும் தேவையான பொருளைப் பற்றியவைதான். அதனால் அந்த வாக்கியத்தை வைத்து உங்கள் நூலை யாராலும் பிரித்துப் பார்க்க முடியாது.

இத்தகைய பதிப்பகங்களுக்குக் கைப்பிரதி வாசித்துக் கொடுக்கும் வேலை எனக்கு உண்டு. நல்ல பொருளை எடுத்துக்கொண்டு வருடக்கணக்கில் உழைத்த ஒருவருக்கு ‘இயலவில்லை’ என்று எழுதுவது மனத்துக்குக் கஷ்டமான காரியம். பல நேரம் அதற்கான காரணங்கள் முன்பே சரிசெய்திருக்கக்கூடியவையாக இருக்கின்றன. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஒன்றை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று பேர் நடத்தும் பதிப்பகத்தில் கைப்பிரதி படிப்பவர்தான் மெய்ப்பும் பார்ப்பார், புத்தகக் காட்சியில் கடையிலும் நிற்பார், கூரியர் பார்சலும் கட்டுவார். அவர்களிடம் பணம் குறைவு. அவர்களுடைய பெரிய மூலதனம், தாங்கள் யாரைப் பற்றிய நூல்களை வெளியிடுகிறார்களோ அந்த மக்கள் தங்கள்மீது வைத்திருக்கும் நம்பிக்கை. ஒரு மோசமான நூலால் பணம் போனால் அடுத்த வருடம் எடுத்துவிடலாம். நம்பிக்கை போனால் எடுப்பது கடினம். அவர்கள் உங்கள் கைப்பிரதியைப் பார்க்கும் பார்வையே இதிலிருந்துதான் வருகிறது.

பொருளைச் சொல்லிவிட்டு நூலைச் சொல்லாமல் விடுவது

தூத்துக்குடி உப்பளங்களில் வேலை செய்யும் பெண்களைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்மொழிவு இப்படி வருகிறது:

‘உப்பளத் தொழிலாளர்களின் கண்ணீர்க் கதை இது. நாம் உண்ணும் ஒவ்வொரு பிடி உப்பிலும் அவர்களுடைய வியர்வை கலந்திருக்கிறது. அவர்களின் துயரத்தை இந்நூல் உலகறியச் செய்கிறது.’

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் உப்பளத்தின் பக்கமே போகாத ஒருவரும் இதை எழுதிவிடலாம். அதே நூலை இப்படியும் சொல்லலாம்:

‘மழைக்காலத்தில் உப்பளங்களில் வேலை நின்றுவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான அந்த மாதங்களுக்கென்று தமிழக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. மீதிச் செலவுக்கு ஒரு குடும்பம் யாரிடம் கைநீட்டுகிறது, அந்தக் கடன் அடுத்த பருவத்தின் கூலியை எப்படி முன்கூட்டியே தின்றுவிடுகிறது என்பதுதான் இந்நூல். தருவைகுளம், வேப்பலோடைப் பகுதிப் பெண்களிடம் இரண்டு பருவங்களாகப் பேசியிருக்கிறேன். என் அம்மாவும் உப்பு வாரியவர். கடன் கணக்கு எழுதிய நோட்டுகளின் நகல்கள் என்னிடம் உள்ளன.’

இரண்டாவதில் ஒரு கேள்வி இருக்கிறது, ஒரு காலம் இருக்கிறது, ஆதாரம் இருக்கிறது. எழுதுகிறவர் எங்கே நின்று எழுதுகிறார் என்பதும் தெரிகிறது. இதைப் படித்ததும் பதிப்பாளர் அடுத்த பக்கத்தைப் புரட்டுவார்.

முன்மொழிவில் வேறு என்னென்ன வேண்டும் என்று கேட்டால், பட்டியல் சின்னதுதான். நூலைப் பற்றி ஒரு பக்கம், ஒவ்வொரு இயலுக்கும் மூன்று நான்கு வரி, முழுமையாக எழுதி முடித்த ஓர் இயல், மொத்தச் சொற்களின் எண்ணிக்கை, எவ்வளவு முடிந்திருக்கிறது என்ற விவரம், உங்களைப் பற்றி ஒரு பத்தி. தமிழில் முதல் நூல் எழுதுகிறவரிடம் பெரும்பாலும் முழுக் கைப்பிரதியையே கேட்பார்கள். அதற்கும் தயாராக இருங்கள். டெமி என்ற வழக்கமான புத்தக அளவில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 200 முதல் 250 சொற்கள் பிடிக்கும். சேர்த்து அச்சாகும் 16 பக்கத் தொகுப்பு ஒரு பாரம். சொல் எண்ணிக்கையைக் கொடுத்துவிட்டால் அச்சுச் செலவைப் பதிப்பாளர் மனக்கணக்காகவே போட்டுவிடுவார்.

‘தமிழில் இப்படி ஒரு நூல் வந்ததே இல்லை’ என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தத் துறையில் வந்த நூல்கள் அவருக்கு அத்துப்படி. முன்பு வந்தவற்றைப் படித்துவிட்டு, அவை விட்ட இடம் எது, உங்கள் நூல் தொடும் இடம் எது என்று நான்கு வரி எழுதினால் உங்கள்மேல் தனி மரியாதை வரும்.

அவர்கள் என்ன போடுகிறார்கள் என்று பாராமல் அனுப்புவது

‘சமூக அக்கறை’ என்பது ஒரே கூடாரம் இல்லை. 2003இல் தொடங்கிய நவயானா சாதி எதிர்ப்புப் பார்வையில் ஆங்கிலத்தில் வெளியிடுகிறது. சென்னையில் 1994இல் தொடங்கிய தாரா புக்ஸ், பழங்குடி ஓவியர்களோடு சேர்ந்து செய்யும் படநூல்களுக்குப் பேர்போனது. 1984இல் தொடங்கிய காளி ஃபார் விமன் வழியாக வந்தது ஜுபான்; அதன் களம் பெண்ணியம். பூவுலகின் நண்பர்கள் சூழலியலை விட்டு விலகுவதில்லை. தமிழில் இடதுசாரி வெளியீடுகளுக்கென்று தனி மரபே இருக்கிறது, தலித் எழுத்துக்கென்றும் இருக்கிறது. கவிதையே போடாத இடத்துக்குக் கவிதைத் தொகுப்பும், மொழிபெயர்ப்பு மட்டும் போடும் இடத்துக்குச் சுயசரிதையும் அனுப்பினால் இரு தரப்புக்கும் காலவிரயம்.

இருபது பதிப்பகங்களின் முகவரியையும் ஒரே மின்னஞ்சலில் வரிசையாகப் போட்டு, ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த ஐயா இடத்தில் பல பதிப்பகங்களில் ஓர் அம்மையார் உட்கார்ந்திருக்கிறார். அவர்கள் வெளியிட்ட நூல்களில் இரண்டையாவது வாங்கிப் படித்துவிட்டு, பெயரைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

நூலில் வருகிறவர்களைக் கேட்காமல் விடுவது

மற்ற தவறுகளையெல்லாம் செம்மையாக்கத்தில் சரிசெய்துகொள்ளலாம். இது அப்படி இல்லை. நான் மிகவும் அஞ்சுவதும் இதைத்தான்.

வாக்குமூலங்களும் பேட்டிகளும் நிறைந்த கைப்பிரதிகளில் ஊர், தெரு, பெயர், கணவன் பெயர் எல்லாம் அப்படியே இருக்கும். சொன்னவரிடம் ‘இது புத்தகமாக வரப்போகிறது, உங்கள் பெயர் இருக்கலாமா’ என்று கேட்டீர்களா என்றால், ‘அவங்களே ஆசையாத்தான் சொன்னாங்க’ என்று பதில் வரும். திண்ணையில் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவது வேறு. நூலகத்தில், கடையில், தன் முதலாளியின் கையில் அந்தப் பேச்சு அச்சாகக் கிடைப்பது வேறு. நீங்கள் ஊர் திரும்பிவிடுவீர்கள். கடன் கொடுத்தவரின் பெயரைச் சொன்ன பெண் மறுநாளும் அதே உப்பளத்தில்தான் இறங்க வேண்டும்.

சட்டமும் உண்டு. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளம் தெரியும்படி அச்சிடுவது, சட்டமே சொல்லும் சில விதிவிலக்குகள் தவிர, குற்றம். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. குழந்தைகள் விஷயத்தில் போக்சோ சட்டம் இருக்கிறது. பெயரை மாற்றிவிட்டு ஊரையும் பள்ளியையும் தெருவையும் அப்படியே விட்டால் அடையாளத்தை மறைத்ததாகாது. அதிகாரிகள்மீதும் நிறுவனங்கள்மீதும் குற்றம் சுமத்தும் பத்திகளுக்கு முதல் தகவல் அறிக்கை, தீர்ப்பு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பெற்ற பதில் என்று கையில் ஆவணம் வேண்டும். அவதூறு வழக்கு வந்தால் எழுதியவரோடு சேர்த்துப் பதிப்பாளரும்தான் நீதிமன்றப் படியேற வேண்டும். ஒரு வழக்கு போதும், சிறு பதிப்பகம் எழவே முடியாமல் போக.

ஆகவே முன்மொழிவிலேயே எழுதிவிடுங்கள்: யார் யாரிடம் பேசினீர்கள், எப்படி ஒப்புதல் வாங்கினீர்கள், யாருடைய பெயர்களை மாற்றியிருக்கிறீர்கள், எழுதியதை அவர்களுக்கு வாசித்துக் காட்டினீர்களா. படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, அவர் ‘இது வேண்டாம்’ என்று சொன்ன இடத்தை நீக்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

1980களின் இறுதியில் ராஜஸ்தானில் கிராமப் பெண்கள் பலர் கூடி, பெண்ணுடல் பற்றி ஒரு நூலை உருவாக்கினார்கள். வெளியிட்டது காளி ஃபார் விமன். முதலில் வரைந்த நிர்வாணப் படங்களைப் பார்த்த ஊர்ப் பெண்கள், எங்கள் ஊரில் இப்படி யாரையும் பார்க்க முடியாதே என்று மறுத்துவிட்டார்கள். அதன்பிறகு பாவாடையும் முக்காடுமாக ஒரு பெண்ணை வரைந்து, ஒட்டியிருக்கும் தாளைத் தூக்கினால் உள்ளே உடலுறுப்புகள் தெரியும்படி செய்தார்கள். கிராமப் பெண்களுக்கு அடக்க விலைக்கே கொடுத்தார்கள். யாருக்காக எழுதப்பட்டதோ அவர்கள் கையில் நூல் எப்படிப் போய்ச் சேரும் என்பதை உருவாக்கும்போதே யோசித்திருக்கிறார்கள். உங்கள் முன்மொழிவில் வாசகர் யார் என்ற இடத்தில் ‘அனைத்துத் தரப்பினரும்’ என்று எழுதும்முன், உப்பளத்துப் பெண்ணுக்கு இந்த நூல் எந்த வழியில் கிடைக்கும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். சங்கம் வழியாகவா, மகளிர் குழு வழியாகவா, ஊரில் ஒரு வாசிப்புக் கூட்டம் வைத்தா? அதற்கு உங்களிடம் ஒரு பதில் இருந்தால் பதிப்பாளர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்காருவார்.

மொழிபெயர்த்து முடித்துவிட்டு உரிமையைத் தேடுவது

ஆர்வத்தில் 400 பக்கத்தை மொழிபெயர்த்துவிட்டு, ‘உரிமையை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று அனுப்புகிறார்கள். இந்தியாவில் காப்புரிமை, ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள். அம்பேத்கர் 1956இல் மறைந்தார்; அவர் வாழ்நாளில் வெளியானவை 2017 தொடக்கத்திலிருந்து பொதுவுடைமை. காலனிய எதிர்ப்புச் சிந்தனையாளர் ஃபிரான்ஸ் ஃபனான் 1961இல் மறைந்தார். அவருடைய பிரெஞ்சு மூலத்துக்கும் இங்கே அதே கணக்குதான். ஆனால் நீங்கள் தமிழாக்கியது ஆங்கிலத்திலிருந்து என்றால், அந்த ஆங்கில மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை இருக்கும். இதைக் கவனிக்காமல் விடுகிறவர்கள் பலர். முதலில் ஓர் இயலை மட்டும் மொழிபெயர்த்து, உரிமை யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து எழுதுங்கள். மீதியைப் பதிப்பகம் ஒப்புக்கொண்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம். நூலில் சேர்க்கும் புகைப்படங்களுக்கும் இதேதான். செய்தித்தாளிலிருந்தும் இணையத்திலிருந்தும் எடுத்தவை உங்களுடையவை ஆகிவிடாது.

கோப்பு

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் திறக்கும். மாற்றிக்கொள்ளலாம். ஆனால் முழுதாக மாற்றும்போது நடுவிலிருந்த ஆங்கிலச் சொற்கள் பொருளற்ற தமிழாகிவிடும். யுனிகோடில் அடித்தவர்களிடம் வேறொரு சிக்கல்: துணைக்கால் வர வேண்டிய இடத்தில் ரகரத்தை அடித்துவிடுகிறார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடினால் கிடைக்காது, வேறு எழுத்துருவுக்கு மாற்றினால் பல்லிளிக்கும். யுனிகோடில், வேர்டு கோப்பாக, பக்க எண்ணோடு அனுப்புங்கள். குரல்வழித் தட்டச்சு செய்திருந்தால் ஒருமுறை முழுதாக வாசித்துவிட்டு அனுப்புங்கள். சந்திப்பிழைக்காக யாரும் நல்ல நூலைத் தள்ளுவதில்லை, ஆனால் ஏனோதானோவென்று வந்த கோப்பு எழுதியவரின் அக்கறையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

‘ஒரு எழுத்தைக்கூட மாற்றக்கூடாது’

1974இல் தொடங்கிய க்ரியா, கைப்பிரதியைச் செம்மையாக்குவதையே பதிப்பின் மையமாக வைத்துத் தமிழில் ஒரு முன்னுதாரணத்தை உண்டாக்கியது. இன்று எல்லாச் சிறு பதிப்பகங்களாலும் அந்த அளவுக்கு முடியாது. முடிகிறவர்கள் கேள்வி கேட்டால் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே சமயம், உங்கள் மக்களின் பேச்சைத் ‘திருத்தி’ப் பொதுத்தமிழாக்க முயன்றால் அதை மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. எந்தெந்த வட்டாரச் சொற்கள் அப்படியே இருக்க வேண்டும் என்று ஒரு குறிப்பை முதலிலேயே சேர்த்து அனுப்பினால் பின்னால் மனக்கசப்பு வராது. பிரபலம் ஒருவரின் அணிந்துரையை முன்கூட்டியே வாங்கிச் சேர்ப்பதால் ஒரு பயனும் இல்லை.

பணத்தைப் பேசக் கூச்சப்படுவது

கொள்கைக்காக நடத்துகிறார்களே, பணத்தைப் பற்றி எப்படிக் கேட்பது என்று பலர் வாய்மூடி இருந்துவிடுகிறார்கள். கேளுங்கள். எத்தனை பிரதி அச்சிடுகிறீர்கள், உரிமைத்தொகை எவ்வளவு, எப்போது கணக்குத் தருவீர்கள், மின்நூல் உரிமையும் மொழிபெயர்ப்பு உரிமையும் யாரிடம் இருக்கும்? விற்ற பிரதிகளின் விலையில் 10 விழுக்காடு என்பது பரவலாக உள்ள கணக்கு. முன்பு 1,000, 1,200 பிரதி என்று அச்சிட்டார்கள். இப்போது 200, 300 என்று அச்சிட்டுத் தேவைக்கேற்பக் கூட்டிக்கொள்கிறார்கள். ஆகவே பெரிய தொகையை எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் எழுத்தில் ஓர் ஒப்பந்தம் இருக்க வேண்டும். நேர்மையான பதிப்பாளர் அதற்கு முகம் சுளிக்கமாட்டார்.

அச்சுச் செலவை உங்களிடமே கேட்டால், அது பணம் கட்டி வெளியிடும் சேவை. அதில் தவறில்லை, ஆனால் தெரிந்து செய்யுங்கள். கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து முதல் நூலைக் கொண்டுவந்து, கட்டுக்கட்டாகக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். யாரும் அப்படித் தொடங்க வேண்டியதில்லை.

எப்போது அனுப்புவது

பொங்கலையொட்டி வரும் சென்னைப் புத்தகக் காட்சிக்காகத்தான் தமிழ்ப் பதிப்புலகம் அக்டோபரிலிருந்தே மூச்சுவிடாமல் ஓடும். நவம்பரில் அனுப்பிவிட்டு ‘ஜனவரிக்குள் கொண்டுவந்துவிடலாமா’ என்று கேட்டால் பதிலே வராது. பிப்ரவரி கடைசியிலிருந்து ஜூன் வரை அனுப்பினால் நிதானமாகப் படிப்பார்கள். மூன்று மாதம் பொறுங்கள், பிறகு ஒரு வரி நினைவூட்டுங்கள். பின்னிரவில் வாட்ஸ்அப்பில் ‘படிச்சிட்டீங்களா தோழர்’ என்று கேட்காதீர்கள்.

ஒரே சமயத்தில் இரண்டு பதிப்பகங்களுக்கு அனுப்பலாம், ஆனால் இருவரிடமும் அதைச் சொல்லிவிடுங்கள். ஒருவர் சரி என்றால் அன்றைக்கே மற்றவருக்குக் கடிதம் போட்டுக் கைப்பிரதியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். அவர் அப்போது உங்கள் எட்டாவது இயலைப் படித்துக்கொண்டிருக்கலாம்.